நோரைனியின் பேரில்

பாலாம்பிகையிடம் உதவி வாங்கியவர்கள் லண்டன் நோர்பரியில் ஆறேழு வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர்கூட அதை மறக்கவில்லை. மறக்க அவள் விட்டால்தானே. கோயிலில் சுண்டலுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட, முன்னுக்கு நிற்கிறவளின் மகனுக்குத் தான் பள்ளிக்கூடம் பிடித்துக்கொடுத்த கதையைப் பின்னுக்கு நிற்கிறவளிடம் சொல்லிக்கொண்டிருப்பாள், முன்னுக்கு நிற்கிறவளுக்கும் கேட்கும்படியாக. சனம் அதற்குச் சொல்லிக்காட்டுதல் என்று பேர் வைத்திருக்கிறது. பாலாம்பிகையைக் கேட்டால், நடந்ததைச் சொல்வதில் என்ன பிழை என்பாள்.

இதில் அதிகம் வாங்கிக்கட்டியவன் அவளுடைய தம்பி நிசாந்தன். டூட்டிங்கில் இரண்டு பலசரக்குக் கடை வைத்திருக்கிறான், வீட்டு வாசலில் இரண்டு கார் நிற்கிறது, ஆனாலும் அக்காவுக்கு முன்னால் அவன் இன்னும் கொழும்பு லொட்ஜில் பதுங்கியிருந்த பொடியன்தான். கல்யாணமோ, கடைத்திறப்போ, பிள்ளையின் பிறந்தநாளோ, எதுவானாலும் கேக் வெட்டுவதற்கு முதல் அந்தக் கதை வந்துவிடும். "உன்னை எடுக்கிறதுக்கு நான் லோண்ட்ரியிலை இரவிரவா நிண்டு ஆஸ்பத்திரிச் சீலை தோய்ச்சனான்." நிசாந்தன் தலையைக் குனிந்து "ஓமக்கா" என்பான்.

கதை பொய்யில்லை. லோண்ட்ரியும் உண்மை, ரத்தம் பிரண்ட விரிப்புகளும் உண்மை, அந்தச் சம்பளத்தில்தான் நிசாந்தன் லண்டனுக்கு வந்தான் என்பதும் உண்மை. கதையில் ஒரே ஒரு ஆள் குறைவு. அந்த ஆளின் பெயர் நோரைனி.

இத்தனை வருஷமாக அந்தப் பெயரைப் பாலாம்பிகை வாயால் சொன்னதில்லை. கட்டின புருஷன் நித்தியானந்தனுக்குக்கூடத் தெரியாது. தெரியவும் வராது என்றுதான் இருந்தாள். அந்தப் பெயர் அவளுடைய வீட்டுக்குள்ளேயே, அதுவும் பெற்ற மகளின் கையில், வந்து நிற்கும் என்று யார் கண்டது.

ஒரே மகள் கோசிகா டெட்போர்டில் ஒரு கலைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். தகப்பன் அதைப் படம் கொளுவுகிற வேலை என்று சொல்லிக் கவலைப்படுவார். இன்னும் நிரந்தரமாக்கவில்லை, முதன்முதலாக ஒரு கண்காட்சியை அவள் பொறுப்பில் விட்டுப் பார்க்கிறார்கள், இது சரிவந்தால் வேலை நிலைக்கும். அந்தக் கண்காட்சியின் சுவரொட்டியைக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். பால் எடுக்கப் போன பாலாம்பிகை பால் எடுக்காமலே திரும்பி வந்து கதிரையில் இருந்தாள். சுவரொட்டியில் ஒரு மலாய்க்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். தலையைச் சுற்றித் துணி கட்டியிருந்தாள், கன்னம் விழுந்திருந்தது, வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. ஆனால் முன்பல் இரண்டுக்கும் நடுவில் அதே இடைவெளி.

கோசிகா உற்சாகமாக விளங்கப்படுத்தினாள். இவ மலேசியாவில் பெரிய ஆர்டிஸ்ற், லண்டனில் இதுதான் முதல் தடவை. பழைய மலாய்ச் சனம் மனிசர் எப்படி நடக்கவேணும் என்றதற்கு வைத்திருந்த நாலு சொல், நாலு அறை. நாலும் கப்பலேறி இந்தியாவிலிருந்து போன சமஸ்கிருதச் சொல்லுகள். ஜாசா என்றால் செய்த சேவை. செத்தியா என்றால் விசுவாசம், எங்களுடைய சத்தியம் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது. டெர்ஹாகா என்றால் துரோகம். கடைசி பூடி, அது எங்களுடைய புத்திதான், ஆனால் எங்களுக்கு அது மண்டைக்குள்ளே இருக்கிறது, அவர்களுக்கு அது நெஞ்சுக்குள்ளே. ஒருவர் செய்த நன்மையும் பூடி, அதைச் சாகும்வரை மறக்காமலிருப்பதும் பூடி.

"துரோகம் எண்டு ஒரு அறையோ?" என்று பாலாம்பிகை கேட்டாள்.

"ஓம் அம்மா. அதுதான் எனக்கு ஆகப் பிடிச்ச ரூம்," என்றாள் மகள்.

அன்றிலிருந்து பாலாம்பிகைக்கு நித்திரை கெட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், அவளுடையது குறுகுறுக்கவில்லை, இடித்தது.

நடந்தது இதுதான். தொண்ணூறுகளின் நடுவில், காசு வாங்கி ஆளேற்றும் ஏஜென்சிக்காரன் அவளை லண்டனுக்குக் கொண்டுவந்து வால்தம்ஸ்டோவில் ஒரு வீட்டின் சாமான் அறைக்குள் தள்ளிவிட்டு ஆளே மறைந்துவிட்டான். வீட்டுக்காரன் வாடகை கேட்டு, கிடைக்காமல், பையைத் தூக்கி வாசலில் வைத்தான். மேல்மாடி அறையில் இருந்த ஒரு மலாய் மாணவி இறங்கி வந்து பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். அதுதான் நோரைனி. அரசாங்க உதவிப்பணத்தில் ஓவியம் படிக்க வந்தவள். ஒற்றைக் கட்டில், இரண்டு பேர். ஒரு சட்டிச் சோறு, இரண்டு பீங்கான். காலையில் குளியலறையில் இருவருமாக ஈரத்துணியை ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிவார்கள். பேச்சு அரைகுறை ஆங்கிலம். நோரைனியின் பேராக் கிராமத்தில் பக்கத்து வீடு தமிழ் வீடு என்பதால் அவளுக்குத் தமிழ் கொஞ்சம் காதில் விழும், வாயில் நாலைந்து சொல் வரும்.

பாலாம்பிகைக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. படிக்கிற பிள்ளை என்பதால் நோரைனிக்கு வாரத்தில் கொஞ்ச மணித்தியாலம் உண்டு. தன் பேரையும் வேலைப்பதிவு நம்பரையும் அவள் கொடுத்தாள். கிழமைக்கு இரண்டே இரண்டு இரவு, அதற்கு மேல் வேண்டாம், பிடிபட்டால் என் படிப்பு போய்விடும் என்று மட்டும் சொன்னாள். பாலாம்பிகை தலையில் கைவைத்துச் சத்தியம் பண்ணினாள். பிறகு, கிடைத்த ஷிப்ட் எல்லாவற்றுக்கும் போனாள். கொழும்பில் ஒவ்வொரு சுற்றிவளைப்பிலும் ஆமிக்காரர் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒவ்வொரு முறையும் அவன் கொஞ்சம் குறைந்து திரும்பி வந்தான். படிக்கட்டடியில் இருந்த டெலிபோனில் அவனோடு பேசி அழுதுவிட்டு, நூலகத்துக்குப் போகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று நோரைனியிடம் பொய் சொல்லிவிட்டு, நோரைனி என்ற பேர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு லோண்ட்ரியில் நிற்பாள். தம்பிக்குக் காசு சேர்ந்தது. நோரைனியின் பேரில் மணித்தியாலமும் சேர்ந்தது.

குடிவரவு அதிகாரிகள் ஒரு காலை நேரத்தில் வந்தார்கள். பாலாம்பிகை அப்போதுதான் வேலையால் வந்து படியில் ஏறிக்கொண்டிருந்தாள், பையில் லோண்ட்ரிச் சட்டை. மேலே அறை வாசலில் நோரைனியை நிறுத்திவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திரும்பி, இவள் யார் என்று கேட்டான். நோரைனி அவளைப் பார்த்தாள். "தெரியாது. கீழே யாரையோ பார்க்க வந்தவளாக்கும்," என்றாள்.

பாலாம்பிகை அப்படியே திரும்பி இறங்கினாள். இறங்கினவள் டூட்டிங்கில் ஒரு தெரிந்த வீட்டில்தான் போய் நின்றாள். வேலை செய்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நோரைனியின் படிப்பு பிழைத்திருக்கும். தன்னுடைய அகதி வழக்குச் செத்திருக்கும், தம்பியும் செத்திருப்பான். இப்படித்தான் அவள் கணக்குப் பார்த்தாள். நோரைனியை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டாள். ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஏறின ஏணியை எட்டி உதைக்கிறவர்கள் பலர் உண்டு. பாலாம்பிகை உதைத்ததோடு நில்லாமல், ஏணியே இருக்கவில்லை, நான் பறந்துதான் வந்தேன் என்று ஊருக்குச் சொன்னாள்.

கண்காட்சி திறந்து இரண்டாம் கிழமை, கோசிகாவுக்கு லீவான ஒரு நாளில் பாலாம்பிகை தனியாகப் போனாள். தன்னைப் பற்றி நோரைனி என்ன எழுதிவைத்திருக்கிறாள் என்று பார்க்காமல் அவளுக்கு இனிச் சோறு இறங்காது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூட்டமொன்று உள்ளே போக, அதற்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போனாள்.

நேரே துரோக அறையைத் தேடினாள். டெர்ஹாகா என்று எழுதியிருந்த அறையில் ஒரு நீளப் பாய் விரித்து, பாய் நிறையப் பீங்கான்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். நோரைனியின் குரல் மலாயில் ஓடிக்கொண்டிருந்தது, சுவரில் ஆங்கிலம். நான் லண்டனுக்குப் படிக்கப் போனபோது அப்பா ஊரைக் கூட்டி இந்தப் பாயில் விருந்து வைத்தார். படிப்பை முடிக்காமல் திரும்பி வந்தேன். ஏன் என்று அப்பா கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாகும்வரை அவர் என்னோடு பேசவில்லை, இந்தப் பீங்கான்களும் வெளியே வரவில்லை. அவருக்கு நான் செய்தது துரோகம்.

அவ்வளவுதான். பாலாம்பிகை மூன்று முறை வாசித்தாள். தன்னைப் பற்றி ஒரு எழுத்தில்லை. முதலில் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது. பிறகு, சொன்னால் வெட்கம், அவளுக்குக் கோபம் வந்தது. துரோகி என்று சொல்லக்கூட என்னை ஒரு ஆளாக வைக்கவில்லையா என்று ஒரு எரிச்சல். மனிசருடைய மனம் எந்தச் சாக்கடையிலும் ஒரு மேடு தேடும்.

ஜாசா அறையில் அந்தக் கோபமும் போனது. அங்கே நோரைனி இருந்தாள். தகரத் தொட்டிக்கு முன்னால் ஒரு சின்ன வாங்கில் குந்தியிருந்து, நீலக் கரை போட்ட வெள்ளை ஆஸ்பத்திரி விரிப்புகளைக் கையால் தோய்த்துக்கொண்டிருந்தாள். அறை முழுவதும் கயிறு கட்டி ஈர விரிப்புகள் தொங்கின. சவர்க்கார மணம் முகத்தில் அடிக்க, பாலாம்பிகை ஒரு தூணுக்குப் பின்னால் ஒதுங்கினாள். சுவரில் எழுதியிருந்தது: ஒருகாலத்தில் இந்த நகரத்தில் தன் பேரில் பதிவான வேலை மணித்தியாலங்களை நோரைனி ஒவ்வொரு நாளும் இங்கே வேலை செய்து தீர்க்கிறார்.

தோட்டத்துக் கூலிகளின் உழைப்பைப் பற்றிய படைப்பு இது என்று ஒரு பத்திரிகைக்காரர் எழுதினாராம், கோசிகாவும் அதைத்தான் கண்காட்சிப் புத்தகத்தில் போட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வந்த வழிகாட்டி வெள்ளைக்காரர் ஆண்ட காலத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். அந்த அறையில், அந்த நகரத்தில், இது எதைப் பற்றி என்று தெரிந்த ஆள் இரண்டே பேர். ஒருத்தி தோய்த்துக்கொண்டிருந்தாள். மற்றவள் தூணுக்குப் பின்னால் நின்றாள்.

கடைசி அறையில் ஒரு கதிரையும் ஒரு மைக்கும் மட்டும் இருந்தன. யாரிடமாவது நன்மை பெற்று அதை இதுவரை சொல்லாமல் இருப்பவர் இங்கே வந்து இருந்து சொல்லலாம் என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், செய்தவர் சொல்லக்கூடாது. செய்தவர் வாய் திறந்தால் பூடி அழிந்துவிடும். பெற்றவர்தான் சொல்லவேண்டும்.

பாலாம்பிகை அந்தக் கதிரையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தாள், சுடுதண்ணிப் பானையைச் சுற்றிப் போவதுபோல.

அதோடு விட்டிருந்தால் தப்பியிருப்பாள். வீட்டுக்கு வந்தால் கோசிகா ஒரு திட்டத்தோடு நின்றாள். சனிக்கிழமை பின்னேரம் ஆர்டிஸ்ற்றோடு பொதுச் சந்திப்பு. உண்மையிலேயே லண்டன் லோண்ட்ரியில் வேலை செய்த ஒரு அம்மா நோரைனியோடு சேர்ந்திருந்து தோய்த்தால் எப்படியிருக்கும் என்று அவள் மேலதிகாரியிடம் கேட்டிருக்கிறாள். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லையாம். யார் என்று கேட்டபோது, என் அம்மாவேதான் என்று சொல்லியும் விட்டாள்.

பாலாம்பிகை தலையிடி என்றாள், கைமூட்டு வாதம் என்றாள், அன்றைக்குப் பிரதோஷம் என்றாள். கோசிகா கலண்டரைப் பார்த்து, பிரதோஷம் திங்கட்கிழமை என்றாள். பிறகு மகள் முகம் சுருங்கியது. "வாழ்நாள் முழுக்க எல்லாருக்கும் சொல்லிற கதைதானே அம்மா. எனக்காக ஒருக்காச் சொல்ல ஏலாதோ?" பாலாம்பிகை சொல்லிக்காட்டிச் சொல்லிக்காட்டித் தானே பின்னின வலையில் தானே போய் விழுந்தாள்.

சனிக்கிழமை ஜாசா அறையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். கோயில் சுண்டல் வரிசைச் சந்திரவதனா நாலு பெண்களோடு பட்டுடுத்தி வந்திருந்தாள். நிசாந்தன் கடையை ஆளிடம் விட்டுவிட்டு வந்து, முன்வரிசையில் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். கோசிகா அம்மாவைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நோரைனிக்கு முன்னால் நிறுத்தினாள். இதோ சொல்லப்போகிறாள், இத்தனை பேருக்கு முன்னால் விரலை நீட்டப்போகிறாள் என்று பாலாம்பிகை காத்திருந்தாள்.

நோரைனி எழுந்தாள். ஈரக் கையைத் துடைத்து, பாலாம்பிகையின் விரல்களை மெல்லத் தொட்டு, அந்தக் கையைத் தன் நெஞ்சில் வைத்தாள். சந்தித்ததில் சந்தோஷம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள், முதன்முதலாகக் காண்கிற ஆளிடம் சொல்வதைப்போல. கண்ணில் ஒரு அசைவும் இல்லை. படிக்கட்டில் வைத்து அன்றைக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் வேறு சொற்களில் சொல்கிறாள் என்று பாலாம்பிகைக்கு விளங்கியது. தெரியாது. இவளை எனக்குத் தெரியாது. அன்றைக்குக் காப்பாற்றினதுபோலவே இன்றைக்கும் காப்பாற்றுகிறாள்.

இருவரும் தொட்டியடியில் குந்தித் தோய்த்தார்கள். பிழிகிற நேரம் வந்ததும் எழுந்து ஆளுக்கொரு முனை பிடித்தார்கள். யாரும் சொல்லாமலே ஒருத்தி இடப்பக்கமும் மற்றவள் வலப்பக்கமும் முறுக்கினார்கள். கை மறக்கவில்லை. எவ்வளவு பொருத்தம் பாருங்கோ, இப்பத்தான் அறிமுகமானதுகள் மாதிரியோ இருக்கு என்று சந்திரவதனா பக்கத்தில் நின்றவளிடம் சொன்னது கேட்டது.

அப்போது கோசிகா மைக்கோடு வந்தாள். முதலில் ஆங்கிலத்தில் கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, பிறகு அம்மாவிடம் தமிழில் கேட்டாள். "அம்மா, நீங்கள் லோண்ட்ரியிலை கஷ்டப்பட்ட அந்த நேரம், உங்களுக்கு ஆர் உதவினது?"

மகள் வேண்டுமென்று கேட்கவில்லை. அடுத்த அறைக்கு, அந்தக் கதிரைக்கு, எல்லாரையும் கூட்டிப்போக அது அழகான ஒரு வாசல் என்று நினைத்துத்தான் கேட்டாள்.

விரிப்பின் மறுமுனையில் நோரைனி குனிந்தே இருந்தாள். சொல் என்று அவள் பார்க்கவில்லை, சொல்லாதே என்றும் பார்க்கவில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் பாலாம்பிகையின் தொண்டை வரைக்கும் வந்தது, அதுவும் உண்மை. அவள் மகளின் முகத்தைப் பார்த்தாள். சந்திரவதனாவின் பட்டைப் பார்த்தாள். தம்பியின் போனில் எரிந்துகொண்டிருந்த சிவப்புப் புள்ளியைப் பார்த்தாள். இந்தப் பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் மற்றதெல்லாம் வரும், படியும் வரும், பையும் வரும், போடாத கடிதமும் வரும். இத்தனை வருஷம் சொல்லிக்காட்டின ஒவ்வொன்றையும் சனம் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைக்கும்.

"ஒருத்தரும் உதவேல்லை," என்றாள் பாலாம்பிகை. "கடவுளும் என்ரை ரெண்டு கையும்தான்."

கோசிகா அதை ஆங்கிலத்தில் சொன்னாள், சொல்லும்போது குரல் தழுதழுத்தது. கூட்டம் கைதட்டியது. ஒரு வெள்ளைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விருந்துக்கு வந்தவர் பீங்கானை உடைத்துவிட்டால் வீட்டுக்காரி அதைக் காணாததுபோல வேறுபக்கம் பார்ப்பாளே, நோரைனி அப்படி ஒரு நொடி சுவரைப் பார்த்தாள். பிறகு விரிப்பைத் தளர்த்தினாள்.

கூட்டம் மற்ற அறைக்கு நகரத் தொடங்கியது. கொடியில் காய்ந்த விரிப்பு ஒன்றை எடுத்து மடிக்கவேண்டியிருந்தது. இருவரும் முனைகளைப் பிடித்து, கிட்ட வந்து, முனையோடு முனை சேர்த்தார்கள். கை கையைத் தொட்ட அந்தக் கிட்டத்தில் நோரைனி மெல்லக் கேட்டாள், பக்கத்து வீட்டில் பொறுக்கின அந்த உடைந்த தமிழில்.

"தம்பி வந்தாச்சா?"

தம்பியைப் பற்றிப் பாலாம்பிகை நோரைனியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. நூலகம் என்றாள், கோயில் என்றாள். ஆனால் டெலிபோன் இருந்தது படிக்கட்டடியில், அழுதது தமிழில், மேலே அறைக் கதவு எப்போதும் பாதி திறந்து கிடக்கும். அப்படியென்றால் எல்லாம் தெரிந்திருக்கிறது. இரண்டு இரவு அல்ல, எல்லா இரவும் போகிறாள் என்று தெரிந்திருக்கிறது. ஏன் போகிறாள் என்றும் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் அந்தப் பேர்ப் பட்டையைத் திருப்பிக் கேட்காமல் இருந்திருக்கிறாள். களவெடுத்தேன் என்று இத்தனை காலமும் நெஞ்சுக்குள் ஒளித்துவைத்திருந்தது களவே இல்லை. அவள் கொடுத்தது. களவென்றால் வெட்கத்தோடு சரி. கொடுத்ததென்றால் அதை வாங்கியதற்கு ஒரு வாய் வேண்டும், அந்த வாய் இப்போதுதான் ஒருத்தரும் உதவவில்லை என்று சொல்லி முடித்திருக்கிறது.

"ஓம்," என்றாள். நாடியால் காட்டினாள். "அந்தா. அதிலை நிக்கிறான்."

நோரைனி திரும்பி நிசாந்தனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவனுடைய நரைக்கத் தொடங்கிய தலையை, பெருத்த வயிற்றை, தங்கச் சங்கிலியை, காலில் இருந்த பளபளத்த சப்பாத்தை. உயிரோடிருக்கிறானா என்று ஒவ்வொரு இடமாகச் சரிபார்த்ததுபோல இருந்தது. அவள் பார்ப்பதைக் கண்ட நிசாந்தன் போனை அவள் பக்கம் திருப்பி, மேடம், கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்புங்கள், முகம் இருட்டாக விழுகிறது என்று ஆங்கிலத்தில் சொன்னான். நோரைனி வெளிச்சத்துப் பக்கம் திரும்பினாள். சிரிக்கவும் செய்தாள், அந்த இடைவெளி தெரிய.

"நல்லது," என்றாள் பாலாம்பிகையிடம். மடித்த விரிப்பை அவள் கையில் வைத்துவிட்டு மற்ற அறைக்குப் போய்விட்டாள்.

அடுத்த நாள் கோசிகா குழம்பிப்போய் வந்தாள். ஜாசா அறையில் தோய்ப்பது முடிந்துவிட்டது என்று ஆர்டிஸ்ற் சொல்லிவிட்டாவாம், தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டாவாம். கணக்குப்படி இன்னும் மணித்தியாலம் பாக்கி இருக்கிறதே என்று மேலதிகாரி கேட்டதற்கு, இல்லை, எல்லாம் தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாவாம். தன்னைப் பற்றி ஏதும் சொன்னாவா என்று பாலாம்பிகை கேட்டாள். "நல்ல அம்மா எண்டவா," என்றாள் மகள் பெருமையாக. அவளுடைய வேலையையும் நிரந்தரமாக்கிவிட்டார்கள்.

கதிரை இன்னும் ஒரு கிழமைக்கு அங்கேதான் இருந்தது. பாலாம்பிகை ஒவ்வொரு நாள் காலையும் நாளைக்குப் போகிறேன் என்று நினைத்தாள். ஒரு நாள் சீலைகூட மாற்றினாள். பிறகு மழை பெய்தது, பிறகு விருந்தாளிகள் வந்தார்கள், பிறகு கண்காட்சி மூடியது. நோரைனி ஊருக்குப் பறந்துவிட்டாள் என்று கோசிகா சொன்னபோது பாலாம்பிகைக்கு வந்தது கவலையா நிம்மதியா என்று அவளுக்கே தெரியவில்லை. நிம்மதிதான் முதலில் வந்தது என்பதுதான் கசப்பு. நீலக் கரை விரிப்பை அலுமாரியில் கூறைச்சேலைக்குக் கீழே வைத்திருந்தாள். நித்தியானந்தன் ஒரு நாள் அதை விரிக்கக் கேட்டபோது, அது விரிக்கிறதுக்கு இல்லை என்று சீறி விழுந்தாள். அவர் பாவம், ஏன் என்று தெரியாமல் பழைய விரிப்பிலேயே படுத்தார்.

நிசாந்தனின் வீடியோ குடும்பக் குழுவில் ஏறி, கனடா வரை போய், நூறு பேர் கைகூப்பி அனுப்பினார்கள். கடைசியில் ஒரு இடம் உண்டு, நோரைனியின் வாய் அசையும், சத்தம் கேட்காது. பாலாம்பிகை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். வேறு ஒருவரும் அந்த இடத்தைக் கவனிக்கவில்லை. அங்கே வருமுன்னரே கைகூப்பிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஆவணியில் கோயில் திருவிழா வந்தது. ஒரு நாள் உபயத்தை நிசாந்தன் எடுக்கவேண்டும் என்று பாலாம்பிகை போன் எடுத்தாள். கடையில் ஆள் இல்லை அக்கா, வாற வருஷம் பார்ப்பம் என்று அவன் இழுத்தான். பழக்கதோஷம், அவளுடைய வாய் தானாகத் திறந்தது. "உன்னை எடுக்கிறதுக்கு நான்..."

அதோடு நின்றது. லோண்ட்ரி என்ற சொல்லுக்கு வாய் போனது, அங்கே பேர்ப் பட்டை குத்தியிருந்தது, அதில் வேறு பெயர் இருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக அந்த வசனம் அவளுக்கு முடியவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். மேடையில்லை, மைக்கில்லை, தம்பி மட்டும்தான். மூச்சை எடுத்தாள்.

அந்தப் பக்கத்தில் நிசாந்தன் காத்திருந்து பார்த்தான். அக்கா களைத்துப்போனா என்று நினைத்தானாக்கும், பாதியில் நின்றதை அவனே எடுத்து முடித்துவைத்தான்.

"ஓமக்கா, தெரியும். இரவிரவா நிண்டு தோய்ச்சு எடுத்தனீங்கள். ஒருத்தரும் உதவேல்லை. கடவுளும் உங்கடை ரெண்டு கையும்தான். சரி, உபயத்தை என்ரை பேரிலையே போடுங்கோ."

பாலாம்பிகை எடுத்த மூச்சை விட்டாள்.

"ஓம்," என்றாள்.